ஏழு வாரக் குழந்தைக்குக் கைரோபிராக்டிக் செய்யலாமா?

மஞ்சக்குப்பம்_தாய்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு இப்போது ஏழு வாரம் ஆகிறது. நிறைமாதத்தில் சிசேரியனில் பிறந்தவன். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். பகலெல்லாம் நன்றாக இருக்கும் குழந்தை, விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் கால்களை வயிற்றோடு மடக்கி, கைகளை இறுக மூடி, முகம் சிவக்க அழத் தொடங்கினால் இரவு பத்து மணி வரை எதற்கும் அடங்குவதில்லை. கடலூரில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் குழந்தை மருத்துவர் எடை பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இது கோலிக் (காரணம் தெரியாத தொடர் அழுகை), மூன்று நான்கு மாதத்தில் தானாக நின்றுவிடும் என்று சொல்லி, மருந்து எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டார்.

என் மாமியார் இதை உரம் விழுந்தது, அதாவது குழந்தைக்குச் சுளுக்குப் பிடித்துவிட்டது என்கிறார். நெல்லிக்குப்பம் பக்கத்தில் உரம் எடுக்கும் ஓர் அம்மாவிடம் தூக்கிச் செல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. என் கணவரின் நண்பரோ, புதுச்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உள்ள ஒரு கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் திருப்பியும் செய்யும் சிகிச்சை) நிலையத்தின் இன்ஸ்டாகிராம் காணொளிகளை அனுப்பியிருக்கிறார். தொலைபேசியில் கேட்டபோது, அறுவை செய்து குழந்தையை இழுத்து எடுக்கும்போது கழுத்தின் மேல் எலும்பு சற்று விலகிவிடும், அதனால் வயிற்றுக்குப் போகும் நரம்பு அழுத்தப்படுகிறது, பல அமர்வுகள் கொண்ட பேக்கேஜுக்கு முன்பணம் கட்டினால் சரிசெய்து தருகிறோம் என்றார்கள். இது உண்மையா? யாராவது கைக்குழந்தைக்குச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

நெறியாளர்:

நிலையத்தின் பெயரையோ அங்கு பணிபுரிபவர்களின் பெயரையோ யாரும் குறிப்பிட வேண்டாம். முறையைப் பற்றி மட்டும் விவாதிக்கலாம்.

லாஸ்பேட்டை_வாசகன்:

சகோதரி, நீங்கள் தயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இடுப்பு வலியால் குனிந்து செருப்பு மாட்டவும் முடியாமல் இருந்த எனக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சையில்தான் நிவாரணம் கிடைத்தது. அமெரிக்காவில் இது பல ஆண்டுகள் கல்லூரியில் படித்து, உரிமம் பெற்றுச் செய்யும் தொழில். தெருவோரத்தில் சுளுக்கு எடுப்பதோடு இதைச் சேர்த்துப் பேசக் கூடாது. காணொளிகளில் பெரியவர்களுக்கு ‘டக்’ என்று சத்தம் வரும்படி திருப்புவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். கைக்குழந்தைக்கு அப்படிச் செய்வதில்லை. தக்காளி பழுத்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கே அழுத்துவார்கள். அதில் என்ன கெடுதல் வந்துவிடும்?

இயன்முறை_புதுவை:

நான் புதுச்சேரியில் குழந்தைகளுக்கான இயன்முறைச் சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, செய்து வருபவர். பெரியவர்களின் இடுப்பு வலிக்கு முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை ஓரளவு பயன் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் படிப்பிலும் அது உண்டு. ஆனால் ஒரு பெரியவரின் இடுப்பு வலியிலிருந்து ஏழு வாரக் குழந்தையின் மாலை அழுகைக்குத் தாவுவதற்கு நடுவில் எந்தப் பாலமும் கிடையாது.

பிறந்த குழந்தையின் முதுகெலும்பைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒவ்வொரு முள்ளெலும்பும் ஒரே கட்டியான எலும்பு. பிறக்கும்போது அப்படி இல்லை. பெரும்பாலான முள்ளெலும்புகள் முன்பக்கம் ஒன்று, பின்பக்க வளைவின் இரு பாதிகள் என மூன்று துண்டுகளாக, நடுவில் குருத்தெலும்பால் இணைந்து இருக்கின்றன. பின்வளைவுகள் ஒன்று சேர ஓரிரு ஆண்டுகளும், அவை முன்துண்டோடு ஒட்டிக்கொள்ள மேலும் சில ஆண்டுகளும் ஆகும். குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளுக்கோ இன்னும் பலம் இல்லை, மூட்டுகளைக் கட்டும் நார்களும் தளர்வானவை. இந்தக் கழுத்தில் ‘எலும்பு சற்று விலகியிருக்கிறது’ என்று விரல் நுனியால் தொட்டுச் சொல்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையிலேயே கழுத்து எலும்பு இடம் பெயர்ந்திருந்தால் அது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உரிய ஆபத்து. பேக்கேஜுக்குக் காத்திருக்கக் கூடிய விஷயம் அல்ல.

இந்த ‘விலகல்’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில், காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த டி. டி. பால்மர் என்பவர் 1895-இல் இந்த முறையைத் தொடங்கினார். ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பு ஒன்றைத் தட்டிச் சரிசெய்ததால் அவருடைய செவிட்டுத்தன்மை நீங்கியது என்பதுதான் அவர் சொன்ன முதல் கதை. கேட்கும் நரம்பு மூளையிலிருந்து நேராக உட்காதுக்குப் போகிறது. முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. ஆனாலும் நோய்களில் 95 சதவீதம் முள்ளெலும்பு விலகலால் வருகின்றன என்று பால்மர் எழுதினார். இன்றைய கைரோபிராக்டர்களில் ஒரு சாரார் இந்தப் பழைய கொள்கையைக் கைவிட்டு, முதுகு வலி, கழுத்து வலி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கைக்குழந்தையின் அழுகைக்கும் காது வலிக்கும் கழுத்து எலும்பைக் காரணம் காட்டுபவர்கள் இன்னும் 1895-இலேயே நிற்கும் மற்றொரு சாரார்.

சிசேரியன் என்றால் கழுத்து விலகும் என்று உங்களிடம் சொன்னவர்கள், சுகப்பிரசவம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் குறுகிய வழியில் நெருக்கப்பட்டதால் விலகியது என்று சொல்லியிருப்பார்கள்.

கெடிலக்கரை:

வெள்ளைக்காரன் பெயரில் வந்தால் ஆராய்ச்சி, நம் ஊர்க் கிழவி செய்தால் மூடநம்பிக்கை என்ற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் உரம் எடுத்திருக்கிறோம். பழைய நூல் புடவையின் நடுவில் குழந்தையைக் கிடத்தி, இரண்டு பெண்கள் இரு முனைகளையும் பிடித்து, ஒருவர் ஏற்றி ஒருவர் இறக்கி, குழந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல உருளும்படி செய்வார்கள். அன்று இரவு குழந்தை அயர்ந்து தூங்கும். மருத்துவர் கைவிரித்துவிட்ட பிறகு தாய் என்னதான் செய்வாள்? கைரோபிராக்டிக் வேண்டாம் என்றால் உரமாவது எடுக்கட்டும்.

வார்டு_அக்கா:

அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கெடிலக்கரை ஐயா, உங்கள் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உரம் என்று சொல்லிக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உதறியவர்களையும், குடல் ஏறிவிட்டது என்று வயிற்றை அழுத்தித் தேய்த்தவர்களையும் வார்டில் பார்த்திருக்கிறேன். சில மாதக் குழந்தையின் தலையை உலுக்கினால் மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுந்து உள்ளே இரத்தம் கசியும். வெளியே ஒரு காயமும் தெரியாது. அதனால் புடவையிலும் வேண்டாம், மேசையிலும் வேண்டாம் என்பதே என் பதில்.

மஞ்சக்குப்பம் தங்கைக்கு நேராக வருகிறேன். உங்கள் மருத்துவர் கைவிரிக்கவில்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நன்றாகப் பால் குடித்து எடை ஏறும் குழந்தை, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல் அழுதால் அதைக் கோலிக் என்று கொள்ளும் கணக்கு 1954-இலிருந்து வழக்கில் இருக்கிறது. பிறந்த இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்து, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். உங்கள் மகன் இப்போது அந்த உச்சத்தில் இருக்கிறான்.

அழுகையைக் கோலிக் என்று முடிவு செய்வதற்கு முன்னால் நாங்கள் வார்டில் செய்யும் ஒரு வேலையை நீங்கள் இன்று மாலையே வீட்டில் செய்யலாம். நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் ஆடை, அரைஞாண் கயிறு, வளையல், கையுறை, காலுறை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு தாய்மாருக்கு முடி கொட்டும். அதில் ஒரு முடி காலுறைக்குள் புகுந்து, விரலின் அடியில் சுற்றி இறுகிவிட்டால், நுனி வீங்கிச் சிவந்து பிறகு கறுக்கத் தொடங்கும். முடி தோலுக்குள் புதைந்துவிடுவதால் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கோடு மட்டுமே தெரியும். கையுறையின் உட்பக்கத்தில் தொங்கும் நூலும் இதைச் செய்யும். ஆண் குழந்தை என்பதால் ஆண்குறியைச் சுற்றியும் பாருங்கள். தொடை இடுக்கிலோ விதைப்பையிலோ அழும்போது புடைத்து, அழுகை நின்ற பிறகும் உள்ளே போகாத வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, அக்குள் ஆகிய இடங்களில் புண் இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, வழக்கத்துக்கு மாறான கீச்சுக் குரல் அழுகை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். அல்லது நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இவற்றில் எதையும் கழுத்தைத் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு உள்ள பெரிய பயமும் இதுதான்.

லாஸ்பேட்டை_வாசகன்:

அக்கா சொன்ன எச்சரிக்கைகளை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கைரோபிராக்டிக் பயன் தராது என்று முடிவு கட்டுவது நியாயமா? இங்கிலாந்தில் கோலிக் உள்ள 104 குழந்தைகளை வைத்து நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை பெற்ற குழந்தைகளின் அழுகை நேரம் மற்றவர்களைவிடக் குறைந்தது. தன் குழந்தைக்குச் சிகிச்சை நடந்ததா இல்லையா என்று தெரியாத பெற்றோர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆங்கில மருத்துவர்கள் இந்த முறையை ஒழித்துக்கட்ட முயன்றது நீதிமன்றத்திலேயே நிரூபணமான செய்தி. 1987-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததை யாரும் பேசுவதில்லை.

எண்ணிப்பார்:

லாஸ்பேட்டை நண்பர் ஆதாரத்தோடு பேசுவது மகிழ்ச்சி. முதலில் வழக்கை முடித்துவிடுவோம். கைரோபிராக்டர்களோடு மருத்துவர்கள் தொழில் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சங்கம் புறக்கணிப்பு நடத்தியது, வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்பதே அந்தத் தீர்ப்பு. இந்தச் சிகிச்சை பயன் தருகிறதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை.

அந்த 104 குழந்தைகளின் ஆய்வு நீங்கள் சொன்னபடியே முடிந்தது உண்மை. ஆனால் அது கைரோபிராக்டிக் கல்லூரி ஒன்றின் பயிற்சி மருத்துவமனையில் மட்டும் நடந்த சிறிய ஆய்வு. அதற்கு முன்பே, 2001-இல், நார்வேயில் 86 குழந்தைகளோடு நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பெற்றோர் வெளியே அமர்ந்திருக்க, செவிலியர் குழந்தையை உள்ளே எடுத்துச் செல்வார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குக் கைரோபிராக்டர் சிகிச்சை செய்வார், மற்றப் பிரிவுக் குழந்தைகளைச் செவிலியர் அதே அளவு நேரம் சும்மா மடியில் வைத்திருந்து திரும்பக் கொண்டுவருவார். உள்ளே என்ன நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியாது. முடிவில், சிகிச்சை பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கும், மடியில் மட்டும் இருந்த குழந்தைகளில் 60 சதவீதத்தினருக்கும் அழுகை குறைந்திருப்பதாகப் பெற்றோர் சொன்னார்கள். இந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடிய அளவுடையது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அந்த 60 சதவீதத்தைப் பாருங்கள். எதுவுமே செய்யாத குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சில நாட்களில் தேறியிருக்கிறார்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் இத்தகைய ஆறு ஆய்வுகளையும், அவற்றில் அடங்கிய 325 குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பரிசீலித்தது. மொத்தமாகப் பார்க்கும்போது அழுகை குறைந்தது போலத் தெரிந்தது. ஆனால் சிகிச்சை நடந்ததா என்பதைப் பெற்றோர் அறியாத ஆய்வுகளை மட்டும் பிரித்து எடுத்தபோது அந்தப் பயன் உறுதியாக நிற்கவில்லை. 2021-இல் டென்மார்க்கில் ஏறத்தாழ 200 குழந்தைகளோடு நடந்த, இன்னும் பெரிய ஆய்விலும் சிகிச்சை பெற்ற குழந்தைகள் நாளுக்குச் சுமார் அரை மணி நேரம் குறைவாக அழுதார்கள். முறையான திருத்தங்களைச் செய்த பிறகு அந்த அரை மணி நேரமும் புள்ளியியல் உறுதி பெறவில்லை.

பெற்றோர் எப்போது சிகிச்சை தேடி ஓடுகிறார்கள்? அழுகை உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு அடுத்து இறக்கம்தான். அந்த நேரத்தில் யார் கையில் குழந்தை இருக்கிறதோ அவருக்குப் பெயர் வந்து சேருகிறது; நெல்லிக்குப்பம் அம்மாவாக இருந்தாலும் கிழக்குக் கடற்கரைச் சாலை நிலையமாக இருந்தாலும் கணக்கு ஒன்றே. பல அமர்வுகளாகப் பிரித்துக் கொடுக்கும் பேக்கேஜ், ஆறாவது வாரத்தில் தொடங்கி மூன்றாவது மாதத்தில் முடியும்படி அமைந்தால் தோற்கவே வழியில்லை.

பாகூர்_அம்மா:

இதே இழையில் பெரிய பிள்ளைகளைப் பற்றியும் கேட்கலாமா? என் மகளுக்குப் பதினொரு வயது. புத்தகப் பை சுமந்து முதுகு வளைந்துவிட்டது என்று பள்ளியில் நடந்த ஒரு முகாமில் சொன்னார்கள். எலும்பைச் சீரமைத்தால் ஆஸ்துமாவும் குறையும் என்று ஒரு துண்டறிக்கையும் கொடுத்தார்கள். மகனுக்கு ஆறு வயது. இரவில் படுக்கையை நனைக்கிறான். அதற்கும் இதே சிகிச்சை உண்டாம்.

இயன்முறை_புதுவை:

அம்மா, மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆஸ்துமாவுக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. கனடாவில் 7 முதல் 16 வயது வரையுள்ள 91 பிள்ளைகளுக்கு, வழக்கமான மருந்துகளோடு சேர்த்து, ஒரு பிரிவினருக்கு உண்மையான கைரோபிராக்டிக் சிகிச்சையும் மற்றவர்களுக்கு அது போன்ற பாவனைச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1998-இல் வந்த முடிவின்படி இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. இன்ஹேலரை நிறுத்தச் சொல்லும் யாரிடமிருந்தும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆறு வயதில் படுக்கையை நனைப்பது நோயே அல்ல. ஐந்து வயதில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் நனைப்பார்கள்; அவர்களில் ஆண்டுதோறும் பதினைந்து சதவீதத்தினர் எதுவும் செய்யாமலே நிறுத்திவிடுவார்கள். திட்டாதீர்கள், மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். நின்றிருந்த பழக்கம் திடீரெனத் திரும்பி வந்து, தாகமும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் உடனே இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

முதுகு வளைவைத்தான் நான் அலட்சியம் செய்ய மாட்டேன். புத்தகப் பையால் முதுகு வலி வரலாம். ஆனால் ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவாட்டு வளைவு பையால் வருவதில்லை. மகளை இரு கால்களையும் சேர்த்து நிற்கச் சொல்லி, முழங்கால் மடங்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் செய்து, பின்னால் இருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட உயர்ந்து மேடாகத் தெரிந்தால் எலும்பியல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்து வளைவைக் கோணத்தில் அளக்க வேண்டும். பத்து டிகிரிக்குக் குறைந்ததை ஸ்கோலியோசிஸ் என்று சொல்வதே இல்லை. பதினொரு வயதுப் பெண் வேகமாக வளரும் பருவத்தில் இருப்பதால் காலம் இங்கே முக்கியம். 2013-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், பிரேஸ் எனப்படும், முதுகைத் தாங்கும் உறையை அணிந்த பிள்ளைகளில் 72 சதவீதத்தினருக்கும், அணியாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும் வளைவு அறுவைச் சிகிச்சை அளவுக்குப் போகாமல் நின்றது. பிரேஸ் போட வேண்டிய மாதங்களை எலும்பைத் தட்டுவதில் கழித்துவிட்டால் அந்த வாய்ப்பு திரும்ப வராது.

லாஸ்பேட்டை_வாசகன்:

பயன் பற்றி எண்ணிப்பார் சொன்னதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. நார்வே ஆய்வைப் படித்துப் பார்க்கிறேன். கெடுதல் பற்றி மட்டும் கேட்கிறேன். ஆஸ்திரேலியா போன்ற நாட்டில் அரசே உரிமம் கொடுத்துக் குழந்தைகளுக்கும் செய்ய அனுமதிக்கிறதே?

எண்ணிப்பார்:

அனுமதித்தது என்று சொல்ல வேண்டும். அங்கே கைரோபிராக்டர் ஒருவர் இரண்டு வாரக் குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும் காணொளி பரவிப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. விக்டோரியா மாநில அரசு ஆய்வுக்கு உத்தரவிட்டது. 2019-இல் ஆஸ்திரேலியக் கைரோபிராக்டிக் வாரியமே, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பைத் திருப்பும் சிகிச்சை செய்யக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. மாநில ஆய்வில், குழந்தைகளுக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டதற்கான சான்று மிகக் குறைவாகவே கிடைத்தது. பயன் இருப்பதற்கான சான்றும் அதே போல வலுவற்றதாக இருந்தது. 2023-இல் வாரியம் தடையைத் தளர்த்தியது. சுகாதார அமைச்சர்கள் கண்டித்ததும் 2024-இல் மீண்டும் தடைக்குத் திரும்பியது.

நேரடிக் காயம் அரிது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 2007-இல் கனடிய ஆய்வாளர்கள் உலகெங்கும் பதிவானவற்றைத் தேடியபோது, நேரடிப் பாதிப்பாக 14 நிகழ்வுகளைக் கண்டார்கள். அவற்றில் ஒன்பது கடுமையானவை. ஆனால் அதே தேடலில், உண்மையான நோயைக் கண்டறிவது தாமதமான அல்லது பொருத்தமில்லாத சிகிச்சை நடந்த நிகழ்வுகள் 20 வந்தன. சர்க்கரை நோய், நரம்புத் திசுப் புற்றுநோய், மூளைக் காய்ச்சல் ஆகியவை அவற்றில் இருந்தன. வார்டு அக்கா சொன்ன பயம் எண்ணிக்கையிலும் பெரியது.

வழக்குரைஞர்_கடலூர்:

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கில மருத்துவத்துக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், சித்தா, ஆயுர்வேதம் முதலியவற்றுக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டமும், பிசியோதெரபி உள்ளிட்ட துணைத் தொழில்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. கைரோபிராக்டிக்கைப் பதிவு செய்யவென்று இந்தியாவில் தனிச் சட்டமோ மன்றமோ கிடையாது. வெளிநாட்டில் முறையாகப் படித்தவரும், வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பலகையை மாட்டிக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள். அமெரிக்காவின் உரிமமுறையைச் சொல்லி நம் ஊர் நிலையத்துக்குச் சான்று கொடுப்பது பொருந்தாது. பணம் கட்டுவதாக இருந்தாலும், சிகிச்சை தருபவரின் பட்டம், பதிவு எண், ரசீது, நடுவில் நிறுத்தினால் மீதித் தொகை திரும்புமா என்பது ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

இயன்முறை_புதுவை:

விட்டுப்போன ஒன்று. மஞ்சக்குப்பம் சகோதரி, உங்கள் மகன் படுத்திருக்கும்போது எப்போதும் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி வைத்திருக்கிறானா, ஒரு பக்க மார்பில் மட்டும் பால் குடிக்கச் சிரமப்படுகிறானா, கழுத்தின் பக்கவாட்டில் சிறு நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியான கட்டி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். காதின் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு வரும் தசை சுருங்கிப் போவதால் இந்தக் கழுத்துச் சாய்வு வரும். எலும்பு விலகலோடு இதற்குத் தொடர்பில்லை. உரம் என்றும் கைரோபிராக்டிக் என்றும் அழைத்துச் செல்லப்படும் குழந்தைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது இதுதான் என்பது என் அனுபவம். தாய் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய நீட்டல் பயிற்சிகளும், விழித்திருக்கும்போது கண்காணிப்போடு குப்புறப் படுக்க வைப்பதும், விருப்பமில்லாத பக்கத்தில் விளக்கையோ உங்கள் முகத்தையோ காட்டித் திரும்ப வைப்பதும் இதற்குச் சிகிச்சை. முதல் சில மாதங்களில் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகிவிடும். இப்படிப்பட்ட குழந்தைக்கு இடுப்பு மூட்டையும் பரிசோதிக்க வேண்டும்.

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில், பிறந்ததிலிருந்து 18 வயது வரை இத்தகைய குறைகளைப் பரிசோதித்துச் சிகிச்சைக்கு அனுப்ப வழி இருக்கிறது. உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடமோ அரசு மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். புதுச்சேரி அருகில் என்றால் எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையும், கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கின்றன.

கெடிலக்கரை:

நெல்லிக்காய் அளவுக் கட்டி என்றதும் நினைவு வந்தது. எங்கள் இரண்டாவது பேரனுக்கு அப்படித்தான் இருந்தது. உரம் எடுத்துத்தான் கரைந்தது என்று இதுவரை நினைத்திருந்தோம். அந்தக் கட்டி தானாகவும் கரையுமா?

இயன்முறை_புதுவை:

கரையும் ஐயா. பெரும்பாலும் ஓரிரு மாதம் வளர்ந்து, ஆறு மாதத்துக்குள் கரைந்துவிடும். கட்டி போனாலும் தசை குட்டையாகவே நின்றுவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பேரன் இரு பக்கமும் ஒரே அளவுக்குத் தலையைத் திருப்புகிறானா என்று பாருங்கள்.

மஞ்சக்குப்பம்_தாய்:

இவ்வளவு பேர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. அக்கா சொன்னபடி ஆடைகளைக் கழற்றி விரல் விரலாகப் பார்த்தோம். முடி எதுவும் இல்லை, வீக்கமும் இல்லை. மாமியார்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் நின்று பார்த்தார். தலையை இரு பக்கமும் திருப்புகிறான். முன்பணம் கட்டவில்லை. நிலையத்தில் பதிவு எண் கேட்டபோது, நேரில் வந்தால் சொல்கிறோம் என்றார்கள்.

நெல்லிக்குப்பம் பயணமும் இப்போதைக்கு இல்லை. அதற்குப் பதிலாகக் குளிப்பாட்டும்போது மாமியாரே எண்ணெய் தடவி விடுகிறார், உதறுவதும் மூக்கில் ஊதுவதும் கூடாது என்ற நிபந்தனையோடு. மாலையில் அழுகை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கடைசியாக ஒன்று மட்டும் கேட்கிறேன்: கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், வசம்பு உரைத்து நாக்கில் தடவுவது ஆகியவற்றில் எதையாவது கொடுக்கலாமா?

வார்டு_அக்கா:

ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். வசம்பு உள்ளே போகக் கூடாது. தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு. பால் குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் விட வையுங்கள். மாலையில் மார்போடு அணைத்துக்கொண்டு, மின்விசிறி ஓடும் அரையிருட்டு அறையில் மெல்ல நடங்கள். ஆட்டலாம், உலுக்கக் கூடாது. உங்களால் தாங்க முடியாத நேரம் வந்தால் குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, மாமியாரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கொல்லைப்புறம் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது எடையை மீண்டும் பார்த்து, அட்டையில் குறித்து வாங்கி இங்கே எழுதுங்கள்.